கருந்துளைகளும் பிரபஞ்சத்தின் முடிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருந்துளையைப் பற்றிப் பேச்செடுத்தால், கொஞ்ச நேரத்தில் அது "சரி, கடைசியில் பிரபஞ்சம் என்னவாகும்?" என்ற இடத்துக்கு வந்து நிற்கும். இரண்டுக்கும் உண்மையான தொடர்பு உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் கண்ணால் பார்த்தது, சோதித்த கோட்பாட்டைக் கொண்டு கணக்குப் போட்டது, அந்தக் கணக்கைத் தெரியாத இடத்துக்கும் நீட்டியது, வெறுமனே கற்பனை செய்தது என நான்கும் ஒரே தொனியில் சொல்லப்படுகின்றன. எது எந்த வகை என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். கீழே உள்ள பதில்களில் அதைத்தான் செய்ய முயன்றிருக்கிறேன்.

கருந்துளை இருப்பதே ஒரு ஊகம்தானே?

ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. ஒளிகூடத் தப்ப முடியாத அளவு ஈர்ப்புள்ள விண்மீன் இருக்கலாம் என்று ஜான் மிச்செல் 1783-இலேயே எழுதினார். ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கோட்பாடு 1915-இல் வந்தது. அடுத்த சில மாதங்களில் முதல் உலகப் போரின் நடுவே கார்ல் ஸ்வார்ஸ்சைல்ட் அதன் முதல் துல்லியமான தீர்வைக் கண்டுபிடித்தார். கருந்துளையின் கணிதம் அதிலேயே இருந்தது, ஆனால் இயற்கை அப்படி ஒன்றை உண்டாக்கும் என்று அன்று யாரும் நம்பவில்லை.

1930-இல் 19 வயது சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்குதான் நிலைமையைச் சிக்கலாக்கியது. எரிந்து முடிந்த விண்மீனின் நிறை ஓர் அளவைத் தாண்டினால், அது வெண்குறுமீனாக, அதாவது சுருங்கி மெல்ல ஆறும் சிறிய விண்மீன் மிச்சமாக, நிலைத்து நிற்க முடியாது. அந்த எல்லை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்று இன்று வைத்துக்கொள்கிறோம். 1935-இல் லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அதைக் கேலி செய்தார். விண்மீன் இப்படிக் கேனத்தனமாக நடந்துகொள்ளாமல் தடுக்க ஏதாவது ஓர் இயற்கை விதி இருந்தே தீரும் என்பது அவர் வாதம். அப்படி எந்த விதியும் இல்லை. கருந்துளை உருவாவது பொதுச் சார்பியலின் தவிர்க்க முடியாத விளைவு என்று 1965-இல் ரோஜர் பென்ரோஸ் காட்டினார்.

இப்போது இது பார்த்த விஷயம். நம் பால்வீதியின் மையத்தில் சூரியனைப் போல சுமார் 43 லட்சம் மடங்கு நிறையுள்ள, ஒளி தராத ஒன்றைச் சுற்றி விண்மீன்கள் ஓடுவதைப் பல ஆண்டுகள் படம் பிடித்திருக்கிறார்கள். அவற்றில் எஸ்2 என்ற விண்மீன் சுமார் 16 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள், 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது எழுந்த ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தன. எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையக் கருந்துளையின் நிழல் படம் 2019-இலும், நம் மண்டலத்துடையது 2022-இலும் வெளியாயின.

நிகழ்வெல்லை, அதாவது உள்ளே போனால் திரும்ப முடியாத அந்த எல்லை வரைதான் இந்த ஆதாரம் எல்லாம். அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது முழுக்கக் கணக்குதான்.

கருந்துளைகள் வளர்ந்து வளர்ந்து கடைசியில் எல்லாவற்றையும் விழுங்கிவிடுமா?

விழுங்காது. கருந்துளை எதையும் தேடிப் போய் உறிஞ்சுவதில்லை. தள்ளி நின்று பார்த்தால் அதன் ஈர்ப்பு, அதே நிறையுள்ள எந்தப் பொருளின் ஈர்ப்பையும் போலத்தான். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையில் ஒரு கருந்துளையை வைத்தால் அதன் ஆரம் 3 கிலோமீட்டர்தான் இருக்கும். நமக்கு வெளிச்சமும் வெப்பமும் போய்விடும், ஆனால் பூமி அதே பாதையில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மண்டலங்களுக்கு இடையிலான தூரமோ கூடிக்கொண்டே போகிறது. வேறு மண்டலத்தில் இருக்கும் ராட்சதக் கருந்துளைக்கு நம்மை எட்டிப் பிடிக்க வாய்ப்பே இல்லை. இந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

உள்ளே விழுந்தால் என்ன ஆகும்?

எவ்வளவு பெரிய கருந்துளை என்பதைப் பொறுத்தது. சூரியனைப் போலப் பத்து மடங்கு நிறையுள்ள சிறிய ஒன்று என்றால், கால் பக்கம் இழுக்கும் விசைக்கும் தலைப் பக்கம் இழுக்கும் விசைக்கும் உள்ள வித்தியாசமே நிகழ்வெல்லைக்கு வெகுமுன்பே உடலைக் கிழித்துவிடும். எம்87-இன் மையத்தில் இருப்பது 650 கோடி சூரிய நிறை. அதன் எல்லையைத் தாண்டும்போது உடலுக்கு எதுவும் தெரியாது. அந்த எல்லைக்குள் இருக்கும் கன அளவால் நிறையை வகுத்தால் கிடைக்கும் சராசரி அடர்த்தி நாம் மூச்சுவிடும் காற்றைவிடக் குறைவு. கருந்துளை என்றாலே நம்ப முடியாத அடர்த்தி என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

தாண்டிய பிறகு நேரம் அதிகம் கிடைக்காது. பால்வீதியின் மையக் கருந்துளையில் எல்லையிலிருந்து நடுப்பகுதிக்கு அதிகபட்சம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். எம்87-இல் ஒரு நாளுக்குச் சற்று மேல். ராக்கெட்டைக் கொளுத்தித் தப்பிக்கப் பார்த்தாலும் இந்த உச்ச வரம்பைத் தாண்ட முடியாது. அங்கே 'நடு' என்பது எதிரே இருக்கும் ஓர் இடமாக இல்லாமல் வரப்போகும் ஒரு நேரமாக மாறிவிடுகிறது. நாளையைத் தவிர்க்க முடியாததைப் போல அதையும் தவிர்க்க முடியாது.

வெளியே நின்று பார்ப்பவருக்குக் காட்சியே வேறு. நீங்கள் எல்லையை நெருங்க நெருங்க மெதுவாகி, சிவந்து, மங்கி மறைவீர்கள். தாண்டியதை அவர் ஒருபோதும் பார்க்க மாட்டார்.

அப்படியானால் உள்ளே விழுபவர் பிரபஞ்சத்தின் முழு எதிர்காலத்தையும் ஓட்டிப் பார்த்துவிடுவாரா?

பலர் அப்படி நினைக்கிறார்கள், ஆனால் சரியில்லை. எல்லைக்குச் சற்று வெளியே பிரம்மாண்டமான விசையால் விழாமல் மிதந்துகொண்டிருப்பவருக்குத்தான் வெளியுலகம் வேகமாக ஓடுவதாகத் தெரியும். சும்மா விழுபவரை அவருக்குப் பின்னால் வரும் ஒளியில் ஒரு பகுதிதான் எட்டும், மீதி அவர் முடிந்த பிறகே வந்து சேரும். சுழலும் கருந்துளைக்கு 1963-இல் ராய் கெர் கண்ட தீர்வில் உள்ளே இன்னோர் எல்லை வருகிறது. அங்கே வெளியுலகின் எல்லையற்ற எதிர்காலம் ஒரு கணத்துக்குள் வந்து குவியும் என்று கணிதம் சொல்வது உண்மைதான். ஆனால் அப்படிக் குவியும் ஒளியின் ஆற்றலே அந்த உள் எல்லையைக் குலைத்துவிடும். எனவே இதை நீட்டிய கணக்கு என்ற வகையில் வைக்கிறேன்.

நடுவில் ஒருமைப்புள்ளி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

ஈர்ப்பும் அடர்த்தியும் முடிவிலியாகும் இடம் என்று பொதுச் சார்பியல் சொல்கிறது. இயற்பியலில் ஒரு சமன்பாடு முடிவிலியைத் தந்தால், அந்தச் சமன்பாடு அங்கே செல்லாது என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு வேண்டும். அது இன்னும் நம் கையில் இல்லை.

கருந்துளை ஆவியாகும் என்கிறார்களே, அதுவும் பார்த்ததா?

யாரும் பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் உள்ள கணக்குகளில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். இதற்கு ஒரு முன்கதை உண்டு. கருந்துளைக்கு என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) இருக்கிறது, அதன் எல்லைப் பரப்புதான் அதற்கு அளவு என்று 1970-களின் தொடக்கத்தில் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் வாதிட்டார். என்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும், வெப்பநிலை இருந்தால் கதிர்வீச்சு வர வேண்டும். கருந்துளையிலிருந்துதான் எதுவும் வராதே! இதைத் தவறென்று காட்டக் கிளம்பிய ஸ்டீஃபன் ஹாக்கிங், 1974-இல் கணக்குப் போட்டு முடித்தபோது கதிர்வீச்சு வரவே செய்கிறது என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

எல்லையருகே துகளும் எதிர்த்துகளும் இணையாகத் தோன்றி, ஒன்று உள்ளே விழ மற்றொன்று தப்புகிறது என்ற படத்தை எல்லா இடத்திலும் பார்த்திருப்பீர்கள். மனதில் பதிய அது உதவும், ஆனால் அதிலிருந்து எண்கள் எதையும் பெற முடியாது. வளைந்த காலவெளியில் வெற்றிடம் என்பதே எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதுதான் உண்மையான கணக்கின் சாரம்.

எண்களுக்கு வருவோம். சூரிய நிறைக் கருந்துளையின் வெப்பநிலை, இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையான தனிச்சுழியை ஒட்டியே இருக்கும். ஒரு கெல்வினை 100 கோடியாகப் பிரித்தால் அதில் சுமார் 60 பங்கு. பெருவெடிப்பின் மிச்சமாக விண்வெளி எங்கும் நிரம்பியிருக்கும் நுண்ணலைப் பின்னணியோ 2.7 கெல்வினில் இருக்கிறது. ஆக இன்று கருந்துளை இழப்பதைவிடப் பெறுவது அதிகம். இப்போதே மெலிய வேண்டும் என்றால் அதன் நிறை சந்திரனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று இதுவரை கண்ணில் பட்டதில்லை. பிரபஞ்ச விரிவை வேகப்படுத்தும் இருள் ஆற்றல் (கீழே வருகிறது) இன்றிருப்பதைப் போலவே தொடர்ந்தால், பின்னணி போதுமான அளவு குளிர்ந்து சூரிய நிறைக் கருந்துளை மெலியத் தொடங்கவே சில பத்தாயிரம் கோடி ஆண்டுகள் ஆகும்.

தொடங்கிய பிறகு முழுதாக மறைய எடுக்கும் காலம் 1-க்குப் பின்னால் 67 சுழியங்கள் போட்ட ஆண்டுகள் என்ற அளவில் வரும். நிறை பத்து மடங்கானால் காலம் ஆயிரம் மடங்காகும். மிகப் பெரிய கருந்துளைகளுக்கு 100 சுழியங்கள் வரை போகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, பிரபஞ்சத்தின் இன்றைய வயது 1380 கோடி ஆண்டு. அதில் பத்தே சுழியங்கள்தான்.

மெலிய மெலியச் சூடு கூடும். கடைசி ஒரு நொடியில் மிஞ்சியிருக்கும் நிறை சில நூறு டன். அது அத்தனையும் ஆற்றலாக வெடித்துத் தீரும்.

உள்ளே போன தகவல் அழிந்துவிடுகிறதா?

குவாண்டம் கோட்பாட்டில் தகவல் அழியக் கூடாது. எரித்த காகிதத்தின் சாம்பல், புகை, வெப்பம் எல்லாவற்றையும் முழுமையாக அளந்தால் அதில் எழுதியிருந்ததைத் திரும்பப் பெறலாம் என்பது கொள்கை. ஹாக்கிங்கின் கதிர்வீச்சோ உள்ளே என்ன விழுந்தது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாத வெறும் வெப்பம். கருந்துளை மறைந்த பிறகு தகவல் எங்கே?

அழிந்துவிடும் என்று ஹாக்கிங்கும் கிப் தார்னும் ஒரு பக்கம், அழியாது என்று ஜான் ப்ரெஸ்கில் மறுபக்கம் நின்று 1997-இல் பந்தயம் கட்டினார்கள். 2004-இல் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு ப்ரெஸ்கில்லுக்கு ஒரு பேஸ்பால் கலைக்களஞ்சியத்தைப் பரிசாகக் கொடுத்தார். தார்ன் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. அழியாமல் இருந்தால் கதிர்வீச்சின் என்ட்ரோபி முதலில் ஏறி, பாதி ஆயுளுக்குப் பிறகு இறங்க வேண்டும் என்று டான் பேஜ் 1993-இல் காட்டியிருந்தார். 2019-இல் வந்த சில கணக்குகளில் அந்த ஏற்ற இறக்கம் சரியாகவே வந்தது. தகவல் பிழைக்கிறது என்ற பக்கம்தான் இப்போது கனம் அதிகம். எந்த வழியாக வெளியேறுகிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

சரி, பிரபஞ்சத்தின் முடிவை எது தீர்மானிக்கிறது?

பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்: இருள் ஆற்றல். பிரபஞ்சம் விரிகிறது என்பது 1920-களின் இறுதியில் லெமாய்த்ர், ஹபிள் ஆகியோர் வேலையால் நிலைபெற்றது. ஈர்ப்பு அந்த விரிவை மெதுவாக்கும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1998-இல் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை ஆராய்ந்த இரண்டு குழுக்கள், விரிவு வேகமெடுக்கிறது என்று கண்டுபிடித்தன. 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் கிட்டத்தட்ட 68 சதவீதம் இந்த இருள் ஆற்றல், 27 சதவீதம் இருள் பொருள். நீங்களும் நானும் விண்மீன்களும் மீதி 5 சதவீதத்துக்குள் அடக்கம்.

இருள் ஆற்றல் மாறாமல் இருந்தால் பிரபஞ்சம் விரிந்துகொண்டே குளிர்ந்து போகும். காலப்போக்கில் வலுத்தால் எல்லாம் கிழியும். குறைந்து எதிர்ப்பக்கம் திரும்பினால் எல்லாம் சுருங்கி நசுங்கும். மூன்று முடிவுகளுக்கும் இன்றைய பிரபஞ்சம் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல்.

இதில் சமீபத்திய பரபரப்பு டெசி என்ற கருவியிலிருந்து வந்தது. அரிசோனாவில் இருக்கும் அந்தக் கருவி, கோடிக்கும் மேற்பட்ட மண்டலங்களின் தூரத்தை அளந்திருக்கிறது. 2024-இலும் 2025-இலும் வெளியான முடிவுகளை மற்ற தரவுகளோடு சேர்த்துப் பார்த்தால், இருள் ஆற்றல் மெல்லக் குறைந்துவருவதைப் போலத் தெரிகிறது. எந்தத் தரவைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து நம்பகம் 2.8 முதல் 4.2 சிக்மா வரை மாறுகிறது (இந்த எண் கூடக் கூட, முடிவு தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு குறையும்). கண்டுபிடிப்பு என்று அறிவிக்க வழக்கமாகக் கேட்கப்படும் 5 சிக்மாவை அது தொடவில்லை. "பிரபஞ்சம் சுருங்கப் போகிறது" என்ற தலைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். குறைகிறது என்பதற்கும் சுருங்கும் என்பதற்கும் இடையே நிறைய தூரம் இருக்கிறது.

இன்றைய கணக்கின்படி அதிக வாய்ப்புள்ள முடிவு எது?

நீண்ட குளிர்ச்சி. வரிசையாகச் சொல்கிறேன், ஆனால் போகப் போக நம்பகம் குறைந்துகொண்டே வரும்.

இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் சூரியன் பத்து சதவீதம் பிரகாசமாகி, பூமி கடல் தாங்காத அளவு சூடாகும். 500 கோடி ஆண்டில் சூரியன் உப்பிச் சிவந்த ராட்சத விண்மீனாகும். ஆண்ட்ரோமெடா மண்டலம் நம் பால்வீதியோடு மோதுவது உறுதி என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 2025-இல் வந்த ஓர் ஆய்வு, அடுத்த 1000 கோடி ஆண்டுகளில் அதற்கு வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் என்கிறது. பக்கத்து மண்டலத்தைப் பற்றிய கணிப்பே இப்படி ஆடும்போது மற்றதை எவ்வளவு கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

10,000 கோடி ஆண்டுகள் என்ற அளவில் நம் அண்டை மண்டலங்களைத் தவிர மற்ற எல்லாம் பார்வையிலிருந்து விலகிவிடும். நுண்ணலைப் பின்னணியும் அளக்க முடியாத அளவு மங்கும். அப்போது எங்காவது வானியலாளர்கள் இருந்தால், தங்கள் மண்டலம் மட்டுமே பிரபஞ்சம், அது என்றும் மாறாமல் இருந்தது என்று நேர்மையாகவே முடிவு கட்டுவார்கள் என லாரன்ஸ் கிராஸும் ராபர்ட் ஷெரரும் 2007-இல் சுட்டிக்காட்டினார்கள். இந்த ஒரு விஷயம் எனக்குக் கருந்துளையைவிட அதிகம் உறுத்தும். சரியான தரவு, சரியான தர்க்கம், ஆனால் விடை தப்பு.

ஒரு கோடி கோடி ஆண்டுகள் என்ற அளவில் சிக்கனமாக எரியும் செங்குறுமீன்களும் அணைந்து, புது விண்மீன் பிறப்பதும் நின்றுவிடும். வெண்குறுமீன்கள், நியூட்ரான் விண்மீன்கள், கருந்துளைகள் மட்டும் மிஞ்சும். 19, 20 சுழியங்கள் போட்ட ஆண்டுகளில் அவையும் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளி, பெரும்பாலானவை மண்டலத்தை விட்டு வெளியே வீசப்படும், சில மையக் கருந்துளையில் விழும்.

இதன் பிறகு, அணுக்கருவில் இருக்கும் புரோட்டான் சிதையுமா என்ற கேள்வி வருகிறது. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே சோதனையில் ஒன்றுகூடச் சிதைந்து பார்த்ததில்லை. சிதைவதாக இருந்தால் அதன் ஆயுள் 1-க்குப் பின்னால் 34 சுழியங்கள் போட்ட ஆண்டுகளுக்கு மேல். சிதைந்தால் பொருள் எல்லாம் கரைந்து கருந்துளைகள் மட்டும் தனித்து நிற்கும் ஒரு யுகம் வரும். ஃப்ரெட் ஆடம்ஸும் கிரெகரி லாஃப்லினும் 1997-இல் பிரபஞ்ச வரலாற்றை இப்படி யுகங்களாகப் பிரித்து எழுதினார்கள். சிதையாவிட்டால் மிஞ்சிய பொருள் நம்ப முடியாத நீண்ட காலத்தில் மெல்ல இரும்பாக மாறிப்போகும் என்று ஃப்ரீமன் டைசன் கணக்கிட்டார்.

கடைசிக் கருந்துளை மறைந்த பிறகு மிஞ்சுவது அரிதாகச் சிதறிய ஒளித்துகள்களும் சில எடை குறைந்த துகள்களும்தான். அதற்கு அப்பால் எழுதப்படுவதை நான் கணக்கு என்று சொல்ல மாட்டேன்.

எல்லாம் கிழிந்துபோகும் என்கிறார்களே?

இருள் ஆற்றலின் அடர்த்தி காலப்போக்கில் கூடினால் மட்டும். ராபர்ட் கால்டுவெல்லும் வேறு இருவரும் 2003-இல் ஓர் உதாரணக் கணக்குப் போட்டார்கள். அதில் முடிவு சுமார் 2200 கோடி ஆண்டுகளுக்கு அப்பால். கடைசி 6 கோடி ஆண்டில் பால்வீதி பிரியும், கடைசி சில மாதங்களில் சூரியக் குடும்பம், கடைசி அரைமணி நேரத்தில் பூமி. படிக்கச் சுவாரசியமாக இருக்கும். ஆனால் அந்த எண்ணுக்காக அவர்கள் எடுத்துக்கொண்ட மதிப்பு இன்றைய அளவீடுகளோடு ஒத்துப்போகவில்லை.

சுருங்கி நசுங்கினால் கருந்துளைகள் என்னவாகும்?

இருக்கும் கருந்துளைகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்துகொண்டே போகும். இதனால்தான் சுருக்கம் என்பது பெருவெடிப்பைப் பின்னோக்கி ஓட்டிய படமாக இருக்காது. பெருவெடிப்பு வியக்கத்தக்க அளவு சீரானது, என்ட்ரோபி மிகக் குறைவு. சுருக்கமோ கருந்துளைகளால் கட்டி கட்டியாக, என்ட்ரோபி மிகுந்து இருக்கும். நம் பால்வீதி மையத்துக் கருந்துளை ஒன்றின் என்ட்ரோபிக்கு, பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தின் எல்லா விண்மீன்களின் என்ட்ரோபியைக் கூட்டினாலும் பக்கத்தில் வராது. தொடக்கம் ஏன் அவ்வளவு சீராக இருந்தது என்பது பென்ரோஸ் பல பத்தாண்டுகளாக எழுப்பிவரும் கேள்வி. முடிவைப் பற்றிய எந்த ஊகத்தையும்விட இது ஆழமானது என்று நினைக்கிறேன்.

வெற்றிடம் சிதைந்து எல்லாம் ஒரு நொடியில் அழியலாமாமே?

மலைச்சரிவில் பாதி வழியில் ஒரு குழியில் தங்கிய பந்தைப் போல, நம் வெற்றிடம் உண்மையான அடிமட்டத்தில் இல்லாமல் இடையில் நின்றிருக்கலாம். குவாண்டம் முறையில் எங்காவது ஒரு புள்ளியில் அது கீழே இறங்கினால், அங்கிருந்து ஒரு குமிழி கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் பரவும். உள்ளே இயற்பியலே வேறாக இருக்கும். சிட்னி கோல்மன் 1977-இல் இதை விரிவாகக் கணக்கிட்டார். 2012-இல் கண்டுபிடித்த ஹிக்ஸ் துகளின் நிறையையும் டாப் குவார்க்கின் நிறையையும் வைத்துப் பார்த்தால், நாம் அந்த இடைநிலையில் இருக்கக்கூடும் என்றே வருகிறது.

ஆனால் இது, இன்றைய துகள் கோட்பாடு நாம் சோதித்ததைவிட மிக மிக உயர்ந்த ஆற்றல் வரை அப்படியே செல்லும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. அப்படியே எடுத்துக்கொண்டாலும் எதிர்பார்க்கும் காலம் பிரபஞ்ச வயதைவிடப் பல மடங்கு அதிகம். மிகச் சிறிய கருந்துளைகள் ஆவியாகும்போது இந்தச் சிதைவைத் தூண்டலாம் என்ற கணக்கும் உண்டு. நாம் இன்னும் இருக்கிறோம் என்பதே அதற்கு ஓரளவு பதில்.

நம் பிரபஞ்சமே ஒரு கருந்துளைக்குள் இருக்கிறதா?

எனக்குப் பிடித்த கேள்வி, பதில் பிடிக்காமல் போகலாம். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் இது: பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தின் நிறைக்கு ஏற்ற கருந்துளை ஆரத்தைக் கணக்கிட்டால், பிரபஞ்சத்தின் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வருகிறது. ஆர். கே. பத்ரியா 1972-இலேயே இந்த யோசனையை ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்.

சமமாக வருவது உண்மை. ஆனால் தட்டையான (மொத்தத்தில் வளைவு இல்லாத), விரியும் எந்தப் பிரபஞ்சத்துக்கும் அது வந்தே தீரும். ஒளிவேகத்தை விரிவு வீதத்தால் வகுத்தால் வரும் தூரத்தை ஆரமாக எடுத்துக்கொண்டு, தட்டையாக இருக்கத் தேவையான அடர்த்தியைப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆரங்களும் துல்லியமாக ஒன்றாகிவிடும். பிரபஞ்சம் தட்டையாக இருக்கிறது என்பதைத்தான் அது வேறு விதமாகச் சொல்கிறது.

இன்னொரு பெரிய வித்தியாசம் காலத்தின் திசையில் இருக்கிறது. கருந்துளைக்குள் இருப்பவருக்கு ஒருமைப்புள்ளி எதிர்காலத்தில் காத்திருக்கும். நமக்கோ அது போன்ற ஒன்று இறந்தகாலத்தில், பெருவெடிப்பாக இருக்கிறது. ஆகவே ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் கருந்துளையின் நேரெதிரான, எல்லாம் வெளியே மட்டுமே வரும் வெண்துளைதான் பொருத்தம். வெண்துளையை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

2025-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிப் படங்களில் 263 மண்டலங்களை எண்ணி, ஒரு திசையில் சுழல்பவை அதிகம் என்று ஒரு கட்டுரை வந்ததும் இந்தப் பேச்சு மறுபடி கிளம்பியது. 263 மிகச் சிறிய எண்ணிக்கை. நம் மண்டலத்தின் சொந்தச் சுழற்சியால் எண்ணிக்கை சாய்ந்திருக்கலாம் என்று அந்தக் கட்டுரையே ஒரு மாற்று விளக்கமும் தருகிறது. செய்திகளில் அந்தப் பாதி காணாமல் போய்விட்டது.

ஒவ்வொரு கருந்துளைக்குள்ளும் ஒரு குட்டிப் பிரபஞ்சம் பிறக்கிறது, அதிகம் கருந்துளை போடும் பிரபஞ்சங்களே பெருகுகின்றன என்று லீ ஸ்மோலின் 1990-களில் சொன்னார். அழகான யோசனை. சோதித்துப் பார்க்க வழி வைத்துச் சொன்னார் என்பதற்காக அதைக் கற்பனைக்கு ஒரு படி மேலே வைக்கலாம்.

ஆய்வகத்தில் தப்பித்தவறிக் கருந்துளை உண்டாகி பூமியை அழிக்குமா?

அழிக்காது. 2008-இல் துகள்களை மோதவிடும் பெரிய ஹேட்ரான் மோதுவி தொடங்கியபோது இந்தப் பயம் பரவியது. அதைவிட அதிக ஆற்றலில், விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் பூமியையும் சந்திரனையும் சூரியனையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தாக்கிவருகின்றன. எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன.

விண்மீன்கள் அணைந்த பிறகு உயிர் எதை வைத்துப் பிழைக்கும்?

இங்கேதான் கருந்துளை வில்லன் வேடத்தைக் கழற்றி வைக்கிறது. சுழலும் கருந்துளையைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து ஆற்றலை எடுக்கலாம் என்று பென்ரோஸ் 1969-இல் காட்டினார். உச்ச வேகத்தில் சுழல்வதிலிருந்து அதன் நிறை-ஆற்றலில் 29 சதவீதம் வரை கொள்கையளவில் எடுக்க முடியும். சூரியனுக்குள் நடக்கும் அணுப் பிணைப்பு, ஹைட்ரஜன் நிறையில் ஒரு சதவீதத்தைக்கூட ஆற்றலாக மாற்றுவதில்லை. அந்தத் தொலைதூர எதிர்காலத்தில் பிரபஞ்சத்தின் சிறந்த எரிபொருள் கிடங்கு கருந்துளைதான்.

இதற்கும் ஒரு நாள் முடிவு வரும். மெதுவாக, மேலும் மெதுவாகச் சிந்தித்து, நடுநடுவே நெடுந்தூக்கம் போட்டால் குறைந்த ஆற்றலில் என்றென்றும் நீடிக்கலாம் என்று டைசன் 1979-இல் ஒரு கணக்குப் போட்டார். இருள் ஆற்றல் தெரியாத காலம் அது. வேகமெடுத்து விரியும் பிரபஞ்சத்துக்கு, தனிச்சுழிக்குச் சற்று மேலான ஒரு குறைந்தபட்ச வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே குளிர முடியாததால் டைசனின் வழி அடைபட்டுவிடுகிறது. இருள் ஆற்றல் குறைகிறது என்ற டெசி முடிவு நிலைத்தால், அந்த வழி மறுபடி கொஞ்சம் திறக்கலாம்.

இதில் எதற்காவது நம் ஆயுளுக்குள் விடை கிடைக்குமா?

சிலவற்றுக்குக் கிடைக்கும். கருந்துளைகள் இணையும்போது மொத்த எல்லைப் பரப்பு குறையாது என்று ஹாக்கிங் 1971-இல் சொன்னது ஏற்கெனவே சோதனைக்கு வந்துவிட்டது. 2025 ஜனவரி 14 அன்று பதிவான, இதுவரை மிகத் தெளிவான ஈர்ப்பு அலைகளில் ஒன்றை ஆராய்ந்ததில், இணைவதற்கு முன் சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டராக இருந்த மொத்தப் பரப்பு, பின்பு சுமார் 4,00,000 ஆகியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் காகிதத்தில் இருந்த விதி அது.

இருள் ஆற்றல் மாறுகிறதா என்பதற்கு டெசியின் மீதித் தரவும், 2023-இல் ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கியும், சிலியில் 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகமும் அடுத்த சில ஆண்டுகளில் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடும். ராட்சதக் கருந்துளைகள் இணையும்போது வரும் அலைகளைக் கேட்க, விண்வெளியிலேயே நிறுத்தப்போகும் லிசா திட்டத்துக்கு ஐரோப்பிய விண்வெளி முகமை 2024-இல் ஒப்புதல் தந்தது. 2035 வாக்கில் ஏவுவதாகத் திட்டம். ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மூன்று விண்கலங்கள் அதில் இருக்கும். ஹாக்கிங் கதிர்வீச்சை நேரடியாகப் பார்ப்பதற்கு மட்டும், பெருவெடிப்புக் காலத்தில் பிறந்த ஒரு குட்டிக் கருந்துளை அருகில் எங்காவது வெடித்தால்தான் உண்டு.